புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம்? ஆட்டோகேடில் அளவுத் துல்லியத்தை அமைக்கும் முறை

டிப்ளமோ முடித்த கையோடு ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து பெங்களூரு வந்து, அங்குள்ள பீன்யா தொழிற்பேட்டையில் டிராயிங் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் நிறைய. கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் சாஃப்ட்வேரான ஆட்டோகேடில் கோடு, வட்டம், டிரிம், ஆஃப்செட் எல்லாம் கல்லூரியிலேயே கைக்கு வந்திருக்கும். ஆனால் ஒரு அளவைப் போட்டதும் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் நிற்க வேண்டும், அதை எங்கே மாற்றுவது, ஏன் மாற்றுவது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. பட்டறையில்தான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மவுண்டிங் பிளேட்டுக்கு டிராயிங் போட்டுக் கொடுத்தேன். எல்லா அளவும் 45.0000, 120.0000 என்று நாலு இலக்கத்தோடு போயிருந்தது. அரை மணி நேரத்தில் மில்லிங் மெஷினைப் பார்க்கும் தருமபுரி அண்ணன், ஒரு கையில் டிராயிங், ஒரு கையில் வெர்னியரோடு (நீளத்தை நுட்பமாக அளக்கும் கருவி) மேலே வந்துவிட்டார்.

“தம்பி, இங்க கொஞ்சம் பாருங்க. இந்த வெர்னியர்ல ஆகச் சின்னக் கோடு பாயிண்ட் ஜீரோ டூ. நீங்க நாலு சைபர் போட்டிருக்கீங்க. இதை நான் எதுல வச்சு அளக்கறது? கிரைண்டிங் போகணுமா, இல்ல மில்லிங்கிலேயே விட்டுடலாமா?”

“சும்மா மில்லிங் போதும்ணா. அது சாஃப்ட்வேர் தானா போட்டது.”

“தானா போட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேப்பர்ல இருக்கறதைத்தானே நான் பார்க்க முடியும்.”

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே கேட்க வந்தார்: நாலு இலக்கம் என்றால், மில்லிங்கை விட நுட்பமான கிரைண்டிங் வேண்டுமோ என்று. கீழே மெஷின் அதுவரை நின்றுகொண்டிருந்தது. பேப்பரில் நாம் விடும் ஒவ்வொரு இலக்கமும் கீழே இருப்பவருக்கு ஒரு கட்டளை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். மற்றதெல்லாம் எந்தப் பெட்டியைத் திறப்பது, எந்தப் பட்டனை அழுத்துவது என்ற விவரம்.

இந்த ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பீன்யாவில் ஒரே ஷெட்டுக்குள் மெஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டர் கன்னடம் பேசுவார், ஆபரேட்டர் ஒடிசாவிலிருந்து வந்திருப்பார், டிராயிங் போட்டவர் தமிழ். மூன்று பேருக்கும் பொதுவான மொழி அந்தப் பேப்பரில் இருக்கும் எண் மட்டும்தான். அது குழப்பமில்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோகேட் நீங்கள் வரைந்த கோட்டை உள்ளுக்குள் ஏறக்குறைய 15, 16 இலக்கம் வரை நினைவில் வைத்திருக்கிறது. திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது வேறு விஷயம். துல்லியத்தை நாலிலிருந்து ஒன்றுக்குக் குறைத்தால் கோடு மாறாது, அதைக் காட்டும் விதம்தான் மாறும். 33.3333 மில்லிமீட்டர் கோடு திரையில் 33 என்று தெரிந்தாலும் உள்ளே 33.3333தான்.

அப்புறம், காட்டும் விதமும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, திரையின் அடியில் ஓடும் ஆயத்தொலைவு, டிஸ்டன்ஸ் கேட்டால் வரும் விடை, பிராப்பர்ட்டீஸ் பலகையில் தெரியும் நீளம். இது நீங்கள் பார்ப்பதற்கு. இன்னொன்று, டிராயிங்கின் மேல் அம்புக்குறியோடு உட்காரும் டைமென்ஷன். இது அடுத்தவர் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். யூனிட்ஸ் பெட்டியில் துல்லியத்தை மாற்றிவிட்டு, ‘டைமென்ஷன் மாறவே இல்லையே’ என்று உட்கார்ந்திருப்பார்கள். அது மாறாது. அதற்கு வேறு கதவு.

நீங்கள் பார்க்கும் அளவுகளுக்கு: யூனிட்ஸ்

கமாண்ட் லைனில் (திரையின் அடியில் கட்டளை தட்டும் வரி) யூ, என் என்று இரண்டு எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். டிராயிங் யூனிட்ஸ் என்ற சின்னப் பெட்டி திறக்கும். இடது பக்கம் லெங்த், வலது பக்கம் ஆங்கிள். இரண்டிலும் டைப் என்று ஒன்று, பிரசிஷன் என்று ஒன்று.

லெங்த் டைப்பில் ஐந்து வகை உண்டு: ஆர்க்கிடெக்சரல், டெசிமல், இன்ஜினியரிங், ஃபிராக்ஷனல், சயின்டிஃபிக். மெஷின் பாகம், ஷீட் மெட்டல், மில்லிமீட்டரில் போடும் எந்த வேலையானாலும் டெசிமல். பிரசிஷன் பட்டியலில் வெறும் 0 முதல் எட்டு இலக்கம் வரை இருக்கும். வழக்கமாக நாலில் நிற்கும்.

பெட்டியைத் திறக்காமலே மாற்றலாம். எல், யூ, பி, ஆர், இ, சி என்று ஆறு எழுத்தைச் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்தினால் இப்போதைய எண்ணைக் காட்டும். புதிய எண்ணைக் கொடுத்து மறுபடி என்டர். கோணத்துக்கு முதல் எழுத்து எல்லுக்குப் பதில் ஏ. 

வரையும்போது இந்த எண்ணைக் குறைத்து வைக்காதீர்கள். என் டிராயிங்கில் இது எப்போதும் ஆறிலோ எட்டிலோ இருக்கும். திரை நெரிசலாகத் தெரியும், பரவாயில்லை. காரணம் இருக்கிறது. ஒரு கோட்டின் முனையை ஆப்ஜெக்ட் ஸ்னாப் (புள்ளியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல் கண்ணளவில் இன்னொரு கோட்டில் கொண்டுபோய் வைத்தால் அது 100க்குப் பதில் 99.9987 ஆகிவிடும். துல்லியம் 0 என்று இருந்தால் திரை 100 என்றே சொல்லும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். எட்டு இலக்கம் இருந்தால் அந்த நொடியே தெரிந்துவிடும்: எஃப்3 அழுத்தி ஸ்னாப்பை ஆன் செய்ய மறந்திருக்கிறோம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. துல்லியம் குறைவாக இருக்கும்போது ஒரு நீளத்தை அளந்து பார்க்கிறீர்கள், 33 என்று வருகிறது. அந்த 33ஐ மனதில் வைத்து அடுத்த பாகத்தை 33 என்றே தட்டி வரைகிறீர்கள். அதுவரை காட்டும் விதத்தில் மட்டும் இருந்த வித்தியாசம், அந்தக் கணத்தில் நிஜப் பிழையாகிவிடுகிறது. அடுத்த பாகம் உள்ளுக்குள்ளேயே 33.0000தான். அசெம்பிளியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் இடிக்கும், எங்கே தவறினோம் என்று தேடி ஒரு நாள் போகும். எண்ணைப் படித்து மறுபடி தட்டுவதை விட, ஸ்னாப் பிடித்து அந்தப் புள்ளியையே எடுத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

கோணம்: 0 இலக்கத்தில் ஒளிந்திருக்கும் ஏழு மில்லிமீட்டர்

நீளத்துக்கு நாலு இலக்கம் தரும் ஆட்டோகேட், கோணத்துக்கு வழக்கமாக 0 இலக்கம்தான் தருகிறது. திரையிலும் அப்படித்தான், டைமென்ஷனிலும் அப்படித்தான். அதாவது 12.4 டிகிரி சாய்வு பேப்பரில் 12 என்று போகும். 0.4 டிகிரிதானே என்று தோன்றும். 1000 மில்லிமீட்டர் நீளமுள்ள தகட்டின் மறுமுனையில் அது கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். 

ஷீட் மெட்டல் வேலைக்குப் போகிறவர்கள் கோணத்துக்கு ஒரு இலக்கமாவது வையுங்கள். பட்டறையில் கோணம் அளக்கும் வெர்னியர் பெவல் புரொட்ராக்டர் பொதுவாக 5 மினிட் வரை காட்டும், அதாவது ஒரு டிகிரியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதனால் ஒரு இலக்கம் என்பது அவர்கள் நிஜமாகவே அளந்து பார்க்கக்கூடியது.

பேப்பரில் போகும் அளவுகளுக்கு: டைமென்ஷன் ஸ்டைல்

கமாண்ட் லைனில் டி என்ற ஒரே எழுத்தைத் தட்டி என்டர். டைமென்ஷன் ஸ்டைல் மேனேஜர் திறக்கும். இடது பட்டியலில் நீங்கள் பயன்படுத்தும் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்து மாடிஃபை அழுத்துங்கள். மேலே வரிசையாக டேப்கள் இருக்கும். அதில் பிரைமரி யூனிட்ஸ் என்பதைத் திறந்தால், நமக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது. மேலிருந்து கீழாகப் போவோம்.

யூனிட் ஃபார்மட் டெசிமல். அதன் கீழே பிரசிஷன். இதுதான் டைமென்ஷனில் வரும் இலக்கத்தின் எண்ணிக்கை. மாற்றி ஓகே கொடுத்தால், அந்த ஸ்டைலில் ஏற்கெனவே போட்ட டைமென்ஷன்களும் ஒரே வீச்சில் மாறும்.

அடுத்து டெசிமல் செபரேட்டர். இதைக் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெட்ரிக் டெம்ப்ளேட்டைத் திறந்தால் ஐஎஸ்ஓ-25 என்ற ஸ்டைல் வரும். அதில் புள்ளிக்குப் பதில் கமா இருக்கும். ஐரோப்பாவில் அது வழக்கம். நம் ஊர்ப் பட்டறையில் 45,5 என்று எழுதிக் கொடுத்தால், அது ஒரு அளவா இரண்டு அளவா என்று ஆபரேட்டர் யோசிக்க வேண்டியிருக்கும். பீரியட் என்று மாற்றிவிடுங்கள்.

அதன் கீழே ரவுண்ட் ஆஃப் என்று ஒரு கட்டம். பார்ப்பதற்கு பிரசிஷன் மாதிரியே தோன்றும், ஆனால் வேலை வேறு. பிரசிஷன் காட்டும் இலக்கத்தின் எண்ணிக்கையை மட்டும் குறைக்கும். ரவுண்ட் ஆஃப், அளவையே ஒரு எண்ணின் மடங்குக்கு இழுத்துக் காட்டும். அங்கே 5 என்று கொடுத்தால் 47 என்ற நீளம் 45 என்று தெரியும், 48 என்பது 50 என்று தெரியும். கட்டடத் திட்டத்தின் ஆரம்ப ஸ்கெட்சுக்கு ஒருவேளை உதவும். மெஷின் டிராயிங்கில் அது 0 ஆகவே இருக்கட்டும். யாரோ போட்ட பழைய டிராயிங்கை எடுத்து வேலை செய்யும்போது நான் முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். அதில் ஏதாவது எண் உட்கார்ந்திருந்தால் அந்த டிராயிங்கின் எந்த அளவையும் அப்படியே நம்ப மாட்டேன். அதே பக்கத்தில் இருக்கும் ஸ்கேல் ஃபாக்டரும் அப்படித்தான். ஒன்று என்று இல்லாவிட்டால், காட்டும் எண் கோட்டின் நீளம் அல்ல, அதைப் பெருக்கி வந்த வேறு எண்.

பிறகு ஜீரோ சப்ரெஷன். லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு கட்டம். டிரெய்லிங்கில் டிக் போட்டால் 45.00 என்பது 45 ஆகும், 45.50 என்பது 45.5 ஆகும். மில்லிமீட்டர் டிராயிங்கில் இதுதான் வழக்கம், டிக் போட்டு வையுங்கள். லீடிங்கில் டிக் போட்டால் 0.5 என்பது வெறும் .5 ஆகிவிடும். இதைச் செய்யாதீர்கள். டிராயிங்கை வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள், அதை ஜெராக்ஸ் எடுப்பார்கள், எண்ணெய்க் கை படும். அந்தச் சின்னப் புள்ளி காணாமல் போனால் அரை மில்லிமீட்டர் சேம்ஃபர் (விளிம்பைச் சாய்த்து வெட்டுவது) 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். முன்னால் ஒரு சைபர் இருந்தால் ‘இங்கே ஏதோ புள்ளி இருந்திருக்கிறது’ என்றாவது தெரியும்.

வலது ஓரத்தில் ஆங்குலர் டைமென்ஷன்ஸ் என்று தனியாக ஒரு பகுதி. கோணத்துக்கான பிரசிஷன் இங்கே. மேலே சொன்ன ஏழு மில்லிமீட்டரை நினைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

ஒரே ஒரு அளவை மட்டும் மாற்ற வேண்டுமென்றால்

ஒரு பிளேட்டில் இருபது அளவு இருக்கும். பத்தொன்பதுக்கு இலக்கமே வேண்டாம், பேரிங் உட்காரும் துளைக்கு மட்டும் மூன்று இலக்கம் வேண்டும். ஸ்டைலை மாற்றினால் எல்லாம் மாறிவிடும். அந்த ஒரு டைமென்ஷனை மட்டும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், 1 அழுத்துங்கள். பிராப்பர்ட்டீஸ் பலகை வரும். அதில் பிரைமரி யூனிட்ஸ் என்ற பகுதியில் பிரசிஷன் இருக்கும். அங்கே மாற்றினால் அது மட்டும் மாறும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இப்படித் தனியாக மாற்றிய டைமென்ஷன், அதற்கப்புறம் நீங்கள் ஸ்டைலில் செய்யும் துல்லிய மாற்றத்துக்குக் கட்டுப்படாது. ‘எல்லாம் மாறியது, இது மட்டும் மாறவில்லை’ என்றால் காரணம் அதுதான். டிம்ஓவர்ரைடு என்ற கமாண்டைக் கொடுத்து, கிளியர் என்பதற்கு சி தட்டி, அந்த டைமென்ஷனைத் தொட்டால் மறுபடி ஸ்டைலுக்குள் வந்துவிடும். இப்படி ஐந்தாறு அளவுக்கு மேல் தனியாக மாற்ற வேண்டியிருந்தால், மூன்று இலக்கத்துக்கென்று தனி ஸ்டைல் ஒன்றை உண்டாக்கிக்கொள்வது நல்லது.

செய்யவே கூடாதது ஒன்று: டைமென்ஷன் எழுத்தை இரண்டு முறை கிளிக் செய்து, எண்ணை அழித்துவிட்டு, வேண்டிய எண்ணைக் கையால் எழுதுவது. அவசரத்தில் எல்லாருக்கும் இந்த ஆசை வரும். 48 என்று வரைந்ததை 50 என்று எழுதிவிட்டால் பேப்பரில் 50, உள்ளே 48. அதே ஃபைல் லேசர் கட்டிங்குக்கும் போகும். லேசர் மெஷின் உங்கள் எழுத்தைப் படிக்காது, கோட்டைத்தான் வெட்டும். 48ல் தகடு வந்து நிற்கும். ஃபிட்டர் கையில் 50 என்று சொல்லும் பேப்பர் இருக்கும். யார் தவறு என்ற பேச்சு எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அளவு தவறென்றால் கோட்டைத் திருத்துங்கள். ஸ்ட்ரெச் இருக்கிறது, ஒரு தனிக் கோட்டுக்கு லெங்தென் கமாண்டில் டோட்டல் என்று கொடுத்து மொத்த நீளத்தையே தட்டலாம்.

எண்ணோடு வேறு சொல் சேர்க்க வேண்டுமென்றால், அளக்கும் எண்ணை அழிக்காமல் அதற்கு முன்னாலோ பின்னாலோ எழுதலாம். பிராப்பர்ட்டீஸ் பலகையின் டெக்ஸ்ட் ஓவர்ரைடு கட்டத்தில் <> என்று இரண்டு அடைப்பைப் போட்டால், நிஜ அளவு அந்த இடத்தில் வந்து உட்காரும்.

டாலரன்ஸ்: தனிக் கட்டம், தனி ஆபத்து

டாலரன்ஸ் என்றால், ஒரு அளவு எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்ற அனுமதி. இதில் கொஞ்சம் நின்று போவோம். இதுதான் ஜாபை ரிஜெக்ட் ஆக்குகிற இடம்.

துளையும் ஷாஃப்டும் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பதுதான் ஃபிட்; அதற்கு எச்7, ஜி6 என்று குறியீடுகள் உண்டு. 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 ஃபிட் என்றால், துளை 25.000லிருந்து 25.021க்குள் இருக்க வேண்டும். அதில் ஓடும் ஷாஃப்ட் ஜி6 என்றால் 24.980க்கும் 24.993க்கும் நடுவில். மேலே -0.007, கீழே -0.020.

டைமென்ஷன் ஸ்டைல் பெட்டியில் டாலரன்சஸ் என்று தனி டேப் உண்டு. அதற்குள்ளும் ஒரு பிரசிஷன் கட்டம் இருக்கிறது. முதன்மை அளவின் பிரசிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேல், கீழ் வரம்பைத் தனித்தனியாகத் தரும் டீவியேஷன் முறையில் -0.007 என்று சரியாகவே தட்டியிருப்பீர்கள். ஆனால் இந்தக் கட்டம் இரண்டு இலக்கத்தில் இருந்தால் பேப்பரில் -0.01 என்று போகும், -0.020 என்பது -0.02 ஆகும். 13 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடம் கொடுத்த நீங்கள், பேப்பரில் 10 மைக்ரான்தான் கொடுத்திருக்கிறீர்கள். கிரைண்டிங் ஆள் தேவையில்லாமல் கூடுதலாகப் பாடுபடுவார், நல்ல ஷாஃப்டும் இன்ஸ்பெக்ஷனில் தள்ளப்படும். துளையின் 0.021 இப்படி 0.02 ஆவது அந்த அளவுக்கு வலிக்காது. ஒரு இலக்கத்தில் விட்டால் அது 0 ஆகிவிடும், வேலையே நின்றுவிடும்.

ஃபிட் வரும் டிராயிங்கில் டாலரன்ஸ் பிரசிஷன் எப்போதும் மூன்று. போட்டு முடித்ததும், தட்டிய எண்ணையும் தெரியும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

ஃபிட் இல்லாத சாதாரண அளவுகளுக்கு? அங்கே பொது டாலரன்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஐஎஸ்ஓ 2768 என்ற தரநிலை. இந்தியத் தரநிலையில் ஐஎஸ் 2102. டைட்டில் பிளாக்கில் (டிராயிங்கின் மூலையில் இருக்கும் விவரக் கட்டம்) ‘ஐஎஸ்ஓ 2768 எம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், தனியாக டாலரன்ஸ் போடாத எல்லா அளவுக்கும் அது பொருந்தும். எம் என்பது மீடியம். அதன்படி 6க்கு மேல் 30 மில்லிமீட்டர் வரை ±0.2, 30க்கு மேல் 120 வரை ±0.3, 120க்கு மேல் 400 வரை ±0.5. தருமபுரி அண்ணன் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அந்த ஒரு வரிதான். 45 என்று வெறுமனே போட்டு, கீழே அந்த வரி இருந்திருந்தால் ±0.3 என்று அவருக்கே தெரிந்திருக்கும், வெர்னியரில் அளந்து முடித்திருப்பார்.

அமெரிக்காவுக்கு வேலை செய்யும் கம்பெனிகளில் கொஞ்சம் வேறு மாதிரி. இன்ச் டிராயிங்கில், இரண்டு இலக்கம் என்றால் இவ்வளவு டாலரன்ஸ், மூன்று இலக்கம் என்றால் இவ்வளவு என்று டைட்டில் பிளாக்கிலேயே அச்சிட்டிருப்பார்கள். அங்கே இலக்கத்தின் எண்ணிக்கையே டாலரன்ஸ். பின்னால் வரும் சைபரை மறைக்கும் டிக்கை அந்த டிராயிங்கில் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். 1.500 என்பது 1.5 ஆகிவிட்டால் நீங்கள் டாலரன்ஸையே தளர்த்திவிட்டீர்கள். ஆகவே டிக் போடுவதற்கு முன் டைட்டில் பிளாக்கைப் படியுங்கள்.

கூட்டினால் குறையும் அளவுகள்

100 மில்லிமீட்டரை மூன்று சம பாகமாகப் பிரித்து, பிரசிஷன் 0 என்று வைத்து மூன்றுக்கும் சங்கிலி மாதிரி அளவு போட்டுப் பாருங்கள். 33, 33, 33, மொத்தம் 100. கூட்டினால் 99. இரண்டு இலக்கம் கொடுத்தாலும் 99.99தான். இலக்கத்தைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல. ஒரே விளிம்பிலிருந்து எல்லாத் துளைக்கும் அளவு கொடுங்கள்: 33.33, 66.67, 100. பிழை சேர்ந்துகொண்டே போகாது. பேஸ்லைன் அல்லது ஆர்டினேட் டைமென்ஷன் இதற்குத்தான் இருக்கிறது. வி.எம்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டருக்கும் அதுதான் சௌகரியம், ஜீரோவை ஒரே மூலையில் வைத்து அப்படியே எண்ணைத் தட்டிவிடலாம்.

வீட்டு பிளான் போடுபவர்களுக்கு

பெங்களூருவில் கட்டட டிராயிங் என்றால் முதல் நாளே தர்ட்டி-ஃபார்ட்டி சைட் கைக்கு வரும். 30 அடிக்கு 40 அடி, 1200 சதுர அடி. மெட்ரிக்கில் 9.144 மீட்டருக்கு 12.192 மீட்டர், பரப்பு 111.48 சதுர மீட்டர். இதை இரண்டு இலக்கமாக்கி 9.14, 12.19 என்று எழுதி, அந்த எழுதிய எண்ணைப் பெருக்கினால் 111.42 வரும். வித்தியாசம் முக்கால் சதுர அடிக்கும் கொஞ்சம் குறைவு. இடத்துக்கு அது பெரிதில்லை. ஆனால் பிளானில் ஒரு எண், பரப்புப் பட்டியலில் இன்னொரு எண் என்றால் கேள்வி வரும். பரப்பை எப்போதும் ஏரியா கமாண்டில் கோட்டிலிருந்து எடுங்கள், எழுதிய எண்ணைப் பெருக்காதீர்கள். எந்த எண்ணை எழுதுகிறோமோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

இன்னொரு பொறி. மில்லிமீட்டரில் வரைந்துவிட்டு, வாடிக்கையாளர் அடியில் கேட்கிறார் என்று யூனிட்ஸ் பெட்டியில் ஆர்க்கிடெக்சரல் என்று மாற்றுவார்கள். 9144 என்று இருந்த சுவர் 762 அடி என்று நிற்கும். ஆர்க்கிடெக்சரல் வகையில் ஒரு யூனிட் என்றால் ஒரு இன்ச் என்று ஆட்டோகேட் எடுத்துக்கொள்கிறது. பெட்டியில் வகையை மாற்றுவது அளவை மாற்றாது, படிக்கும் விதத்தைத்தான் மாற்றும். அடி-இன்ச் வேண்டுமென்றால், நகல் ஒன்றை எடுத்து 25.4ல் ஒரு பங்காக ஸ்கேல் செய்த பிறகுதான் வகையை மாற்ற வேண்டும்.

ஆர்க்கிடெக்சரலில் துல்லியம் இலக்கமாக வராது, பின்னமாக வரும். 0 என்றால் முழு இன்ச், 1 என்றால் அரை, 2 என்றால் கால், 3 என்றால் அரைக்கால், 4 என்றால் பதினாறில் ஒன்று. செங்கல் சுவருக்குப் பதினாறில் ஒரு இன்ச் என்று எழுதிக் கொடுத்தால் மேஸ்திரி அதைப் பார்க்கவே மாட்டார். அரை இன்ச் போதும். மரவேலை, கிச்சன் கேபினெட் என்றால் மட்டும் நான் மில்லிமீட்டருக்குப் போய்விடுவேன், இலக்கம் 0.

அமைத்ததை ஒருமுறை சேமித்துவிடுங்கள்

இந்த அமைப்பெல்லாம் அந்த டிராயிங் ஃபைலுக்குள்தான் சேமிக்கப்படுகிறது, சாஃப்ட்வேரில் அல்ல. நேற்று மாற்றியது இன்று புது ஃபைலில் இல்லை என்றால் அதனால்தான். வெற்று டிராயிங் ஒன்றில் யூனிட்ஸ், ஸ்டைல், டாலரன்ஸ், டைட்டில் பிளாக் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்து, சேவ் ஆஸ் கொடுத்து, ஃபைல் வகையில் டிராயிங் டெம்ப்ளேட் என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அப்புறம் புது வேலை எல்லாம் அதிலிருந்து தொடங்கட்டும். ஆபீஸில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் ஒரே டெம்ப்ளேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சாஃப்ட்வேர் பயன்படுத்துபவர்களுக்குச் சுருக்கமாக. இசட்டபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் போன்றவற்றில் மேலே சொன்னவை பெரும்பாலும் அப்படியே பொருந்தும். சாலிட்வொர்க்ஸில் ஆப்ஷன்ஸுக்குள் டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸ் போனால் யூனிட்ஸ் தனியாக, டைமென்ஷன்ஸ் தனியாக இருக்கும். ஸ்கெட்ச்அப்பில் மாடல் இன்ஃபோவுக்குள் யூனிட்ஸ். ஃப்ரீகேடில் பிரிஃபரன்சஸின் ஜெனரல் பகுதியில் எத்தனை இலக்கம் என்று கேட்கும். எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நான் மாற்றுவது நான் பார்க்கும் எண்ணையா, பேப்பரில் போகும் எண்ணையா?

எத்தனை இலக்கம் என்பதை எங்கே தெரிந்துகொள்வது

கீழே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே செட்டரிடமோ இன்ஸ்பெக்ஷன் ஆளிடமோ, ‘அண்ணா, நம்மகிட்ட அளக்கறதுக்கு என்னென்ன இருக்கு?’ என்று கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டேப் ஒரு மில்லிமீட்டர் காட்டும், ஸ்டீல் ரூல் அரை மில்லிமீட்டர். வெர்னியர் 0.02, டிஜிட்டல் வெர்னியர் 0.01. சாதாரண மைக்ரோமீட்டர் 0.01, டிஜிட்டல் மைக்ரோமீட்டர் 0.001. அளக்கும் கருவி, கொடுத்த டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கு வரை காட்ட வேண்டும் என்பது பட்டறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. ±0.3க்கு வெர்னியர் தாராளம். 0.021க்கு வெர்னியரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை வெளியே அனுப்ப வேண்டுமா என்பதை மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே மேலே இருப்பவரிடம் பேசிவிடலாம்.

அப்புறம் டிராயிங்கை வெளியே விடுவதற்கு முன் ஒரு பிரிண்ட் எடுங்கள். திரையில் பார்ப்பது போதாது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு அளவாகத் தொட்டு, நோட்டில் எழுதிய கருவிகளில் எதை வைத்து இதை அளப்பார்கள் என்று பக்கத்தில் குறியுங்கள்: டே, வெ, மை. குறிக்க முடியாத அளவு எதுவோ அதைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கிப் போய், மெஷின் ஓட ஆரம்பிப்பதற்கு முன் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.